பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடுதா? டிஸ்க்கை மாத்துறதுக்கு முன்னாடி...

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அதில் ஒருத்தர் வண்டிக்காவது இந்த வியாதி இருக்கும். எண்பது, தொண்ணூறில் போகும்போது ஒன்றும் தெரியாது. வண்டி வெண்ணெய் மாதிரி போகும். பிரேக்கில் கால் வைத்த உடனே ஸ்டியரிங் இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பிக்கும். வேகம் குறையக் குறைய நடுக்கமும் மாறி, நாற்பதுக்குக் கீழே வந்தால் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். நம்ம ஊர் பாஷையில் "வாபுளிங்".

இதை நாலு கடையில் காட்டிப் பாருங்கள். ஒருத்தர் "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார்" என்பார். இன்னொருத்தர் "அலைன்மென்ட் அவுட்". மூன்றாமவர் "லோயர் ஆர்ம் புஷ் போச்சு, ரெண்டு பக்கமும் மாத்திடலாம்". டயர் கடைக்காரர் என்ன சொல்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை. யார் கடையில் எது விற்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் வியாதி!

இது மெக்கானிக்குகளைத் திட்டும் கட்டுரை இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் சொல்வதை நம்பித்தான் சொல்கிறார்கள். என் கோபம் வேறு இடத்தில். ஏ.சி. ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாவிட்டாலும், விசிட்டிங் சார்ஜ் என்று கொடுக்கிறோம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மாத்திரைக்குத் தனியாகக் கொடுக்கிறோம். கார் மெக்கானிக் மட்டும் சும்மா பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ட்ஸுக்கும், அதை மாட்டும் லேபருக்கும் மட்டும்தான் பில். அப்படியானால் அவர் எதை விற்பார்? பார்ட்ஸைத்தான் விற்பார். அளந்து பார்க்க அரை மணி நேரம் செலவழித்தால் அந்த அரை மணி நேரம் அவருக்கு நஷ்டக் கணக்கு. பி.காம். படிக்கிறவனுக்கு இது புரிய கஷ்டமே இல்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது நாம் இருக்கும் இடம். நான் சொல்லும் நெமிலிச்சேரி, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருப்பது (குரோம்பேட்டை பக்கத்து நெமிலிச்சேரி வேறு, ஆட்டோவில் ஏறும் முன் தெளிவாகச் சொல்லிவிடவும் :-)). இங்கிருந்து சி.டி.எச். ரோட்டில் கிழக்கே போனால் நாட்டின் பிரேக் தலைநகரம் என்றே சொல்லக்கூடிய பகுதி வந்துவிடும். பாடியில் 1962ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் ரானே குழுமம் 1964ல் தொடங்கிய பிரேக் லைனிங் தொழிற்சாலை. எழுபதுகளில் பாடியில் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா. டயருக்கு டன்லப் இருந்தது. தொழிற்சாலை போய்விட்டாலும் பஸ் ஸ்டாப் பேர் இன்னமும் டன்லப்தான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இந்த நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான கருவிகள் இரண்டே இரண்டு. ஒன்று டயல் கேஜ், கூடவே அதைப் பிடித்து நிறுத்தும் காந்த ஸ்டாண்ட். இன்னொன்று மைக்ரோமீட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் சின்னப் பட்டறையில்கூட இரண்டும் கிடக்கும். ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படித்த எந்தப் பையனுக்கும் அதில் அளக்கத் தெரியும். ஆனால் அதே ரோட்டில் வரிசையாக இருக்கும் கார் ஒர்க்‌ஷாப்புகளில் போய் டயல் கேஜ் இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "டிஸ்க் பெண்டாயிடுச்சு" என்பதில் என்ன தப்பு?

பிரேக் டிஸ்க் என்பது வார்ப்பிரும்புத் தட்டு. அது சாப்பாட்டுத் தட்டு மாதிரி நெளிவது அபூர்வம். இதைப் பற்றி கேரல் ஸ்மித் என்ற அமெரிக்க ரேஸ் இன்ஜினியர் ஒரு பிரபலமான கட்டுரை எழுதியிருக்கிறார். ஃபோர்டு ஜி.டி. 40 கார்கள் லெ மான்ஸில் ஓடிய காலத்தில் அந்த வேலையில் இருந்தவர், 2003ல் இறந்தார். வளைந்த டிஸ்க் என்று தன்னிடம் வந்த கேஸ்களை ஆராய்ந்தபோதெல்லாம், பேடின் மெட்டீரியல் டிஸ்க்கில் சமமில்லாமல் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்ததுதான் காரணமாக இருந்தது என்பது அவர் வாதம். ரேஸ் காருக்கு அது முழுக்கப் பொருந்தும். நம்ம ஊர் ஹேட்ச்பேக்குக்கு அதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் இங்கே பெரிய குற்றவாளி: துரு.

சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் தெரியும். டிஸ்க்கையும் கழற்றினால் பின்னால் ஹப் என்ற வட்டமான முகம் இருக்கும். டிஸ்க் அதன் மேல் தட்டையாக உட்கார வேண்டும். நடுவில் துரு செதிலோ மண்ணோ மாட்டினால் டிஸ்க் ஒரு துளி சாய்ந்து உட்காரும். சக்கரம் சுற்றும்போது அதன் ஓரம் இப்படியும் அப்படியும் அசையும். இதற்குப் பேர் ரன் அவுட். (கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால், ஹப்பைவிட டிஸ்க் பெரியது என்பதால் டிஸ்க்கின் வெளி ஓரத்தில் அந்த அசைவு இன்னும் கூடுதலாகத் தெரியும். பல கார் கம்பெனிகள் அனுமதிக்கும் மொத்த ரன் அவுட்டே 0.05லிருந்து 0.1 மி.மீ. வரைதான். நம் தலைமுடி கிட்டத்தட்ட 0.07 மி.மீ. தடிமன். அந்த ரேஞ்சில் நடக்கிற விளையாட்டு இது. கண்ணால் பார்த்து "பெண்டாயிருக்கு" என்று சொல்ல வழியே கிடையாது.

இதில் ஒரு ட்விஸ்ட் உண்டு. இப்படிச் சாய்ந்து உட்கார்ந்த டிஸ்க் முதல் நாளே ஆட்டாது! காலிப்பர் கொஞ்சம் நகர்ந்து கொடுத்து அதைச் சமாளித்துவிடும். பிரேக் போடாமல் போகும்போதுதான் வினை நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் டிஸ்க்கின் அதே இடம் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி ஓடினால் அந்த இடம் மட்டும் தேயும், அல்லது பேடின் மெட்டீரியல் அங்கே மட்டும் படியும். டிஸ்க்கின் தடிமன் ஒரு இடத்தில் ஒன்றாகவும் இன்னொரு இடத்தில் வேறாகவும் ஆகிவிடும். அந்த வித்தியாசம் 0.02 மி.மீ. அளவுக்கு வந்தாலே போதும், பிரேக் போடும்போது பிடி ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைந்து, அது டை ராட் வழியாக ஏறி உங்கள் கைக்கு வரும்.

அப்படியானால் ஏன் எண்பது, தொண்ணூறில் மட்டும் ஆடுகிறது? சின்னக் கணக்குதான். 14 இஞ்ச் வீல் உள்ள சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர் போகும். 90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது வினாடிக்கு 14 சுற்று. 40 கி.மீ. வேகத்தில் 6 சுற்று. முன் சக்கரமும் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் சேர்ந்த அமைப்பு தானாக ஆட விரும்பும் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 10 முதல் 20 தடவைக்குள் இருக்கும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் எவ்வளவு உயரம் போகும்? அதேதான். வேகம் குறைந்ததும் தாளம் தப்புகிறது, ஆட்டம் நிற்கிறது. குறை அப்படியே இருக்கிறது.

இந்தத் தாமதம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். வேலை செய்த அன்று வண்டி நன்றாக ஓடும். மூன்று மாதம் கழித்து ஆடும். அப்போது பழி வேறு எதன் மேலாவது விழும்.

எங்கள் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொள்வோம். 2013 மாடல் ஹேட்ச்பேக், 2024ல் வாங்கியது. வாங்கி ஒரு மாதத்தில் திருத்தணி போய் வந்தபோது ஆட்டம் தெரிந்தது. முதலில் அலைன்மென்ட், பேலன்சிங்: 900 ரூபாய். ஆட்டம் போகவில்லை. முன் டயர் இரண்டு: 7,600. போகவில்லை. லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும், கூலியோடு: 5,200. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது (காசு கொடுத்ததும் எல்லாமே கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும்). அப்புறம் டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் போட்டு ஸ்கிம் பண்ணி, புது பேட் போட்டார்கள்: 3,400. சூப்பர்! ஆட்டமே இல்லை. சுமார் 4,000 கிலோமீட்டர் கழித்து மறுபடியும் ஆட ஆரம்பித்தது. அதுவரை ஆன செலவு 17,100 ரூபாய். "டிஸ்க் குவாலிட்டி சரியில்ல சார், புதுசு போட்டுடுங்க" என்றார் மெக்கானிக்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு டர்னர் அண்ணன், எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை டயல் கேஜோடு வந்தார். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, கேஜை ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே வைத்து, மெதுவாகச் சுற்றினார். இடது பக்கம் 0.14. பிறகு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிஸ்க் எந்த ஓட்டையில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு, கழற்றி, இரண்டு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடியும் அளந்தார். மேடு டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் தப்பு டிஸ்க்கில். ஹப்பில் அதே இடத்திலேயே நின்றால் தப்பு ஹப்பில். எங்கள் வண்டியில் அது ஹப்போடு நின்றது. வயர் பிரஷ், எமரி பேப்பர், இருபது நிமிஷ வேலை. துரு போன பிறகு அளந்தால் 0.04.

கடைசியில் நாங்கள் புது டிஸ்க்தான் போட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பழைய டிஸ்க் அதற்குள் ஒரு பக்கம் தேய்ந்து தடிமன் மாறியிருந்தது. இன்னொரு தடவை ஸ்கிம் பண்ணினால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை ஓட்டவே கூடாது. அப்போ மெக்கானிக் சொன்னது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். பார்ட் சரி, காரணம் தப்பு. அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்க்கை மாட்டியிருந்தால் அடுத்த 5,000 கிலோமீட்டரில் அதுவும் ஆடியிருக்கும். "கம்பெனி டிஸ்க்கே இப்படித்தான் சார்" என்று இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கும்.

லேத்தில் ஸ்கிம் பண்ணுவது ஏன் மூன்று மாத வைத்தியமாக முடிகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. லேத்தில் டிஸ்க் மட்டும்தான் போகிறது. ஹப் வண்டியிலேயே இருக்கிறது. லேத்தில் அச்சு மாதிரி நேராக்கிய டிஸ்க்கைக் கொண்டுவந்து கோணல் ஹப்பில் மாட்டுகிறோம்.

டயல் கேஜ் வரை போவதற்கு முன், பைசா செலவில்லாமல் நாமே பாதி தூரம் போகலாம். பிரேக் தொடாமல் எண்பது தொண்ணூறில் போகும்போதே ஸ்டியரிங் நடுங்கினால் அது வீல் பேலன்சிங், ரிம் நெளிசல், டயர் வீக்கம் இந்தப் பக்கம். பிரேக் போட்டால் மட்டும் என்றால் பிரேக் பக்கம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே சித்தப்பாவுக்கு டயர் காசு மிச்சம். ஆட்டம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டிலும் பெடலிலும் தெரிந்து கை அமைதியாக இருந்தால் பின்பக்கம் பார்க்க வேண்டும். நம்ம ஊர் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான், டிரம் வட்டம் தப்பினாலும் இதே வேலையைச் செய்யும். ஆளில்லாத நேரான இடத்தில், மிதமான வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட்பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மழையில் வேண்டாம்.

அலைன்மென்ட் பற்றி ஒரே வரி. அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். பிரேக்குக்கு மட்டும் கட்டுப்பட்டு ஸ்டியரிங் ஆட அது காரணமாக இருக்காது.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சடன் பிரேக் போட்டால் பெடல் கடகடவென்று காலைத் தள்ளும். அது வியாதி இல்லை, அதன் வேலையே அதுதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், பழைய வண்டியிலிருந்து மாறுகிறவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் எல்லாம் தேய்ந்திருந்தால் சின்ன ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும் என்பது உண்மை. அவை ஸ்பீக்கர் மாதிரி, பாட்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. சித்தப்பா வண்டியில் "கொஞ்சம் குறைந்த மாதிரி" இருந்தது அதனால்தான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது "டக்" என்று சத்தம், பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பது, ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதிப்பது, இவை இருந்தால் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். பால் ஜாயின்ட் கழன்றாலோ காலிப்பர் இறுகிப்போனாலோ அது வாபுளிங்கோடு நிற்கிற விஷயம் இல்லை.

திருப்பதி போய் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இறங்கும்போது நியூட்ரலில் போட்டு பிரேக்கிலேயே வருவது, கீழே வந்து நின்றதும் கொதிக்கிற பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வரிசையில் நிற்பது... பேட் அப்படியே டிஸ்க்கில் முத்திரை குத்திவிடும். கேரல் ஸ்மித் சொல்லும் திட்டு இப்படித்தான் வருகிறது. இரண்டாவது கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிரேக் வாசனையே சொல்லித்தரும்.

இனி காசு விஷயம், நம்ம சப்ஜெக்ட்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஜர்னல்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அந்த வேலைதான் முக்கியக் காரணம். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குத் தர மாட்டான், சந்தையை விட்டுப் போய்விடுவான். மிச்சம் இருப்பது லெமன்கள், அதாவது ஓட்டை வண்டிகள். வகுப்பில் இதைப் படிக்கும்போது தூக்கம் வருகிறது. ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் பழைய கார் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு வரியும் ஞாபகம் வருகிறது.

பிசினஸ் லா பேப்பரில் வரும் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வாங்குகிறவரே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. சரக்கை நீங்கள் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு 'விற்கத்தக்க தரம்' என்ற பாதுகாப்பு கிடைக்காது. ஐந்து மார்க் கேள்வி! டெஸ்ட் டிரைவ் போய் வந்துவிட்டு, பிறகு ஸ்டியரிங் ஆடுது என்று போய் நின்றால், "ஓட்டிப் பார்த்துதானே வாங்குனீங்க தம்பி" என்பார் விற்றவர். சட்டமும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான் தலையாட்டும்.

அப்படிப்பட்ட டெஸ்ட் டிரைவை நாம் எங்கே ஓட்டுகிறோம்? கடையிலிருந்து முதல் யூ-டர்ன் வரை, முப்பதில், ஷேர் ஆட்டோ பின்னால். அந்த வேகத்தில் எந்த டிஸ்க்கும் ஆடாது, மேலே போட்ட கணக்கே சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நெமிலிச்சேரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் அவுட்டர் ரிங் ரோடு நம்ம ஊர் வழியாகத்தான் சி.டி.எச். ரோட்டைத் தாண்டுகிறது. விற்கிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அங்கே ஏறுங்கள். பகல் நேரத்தில், போர்டில் போட்டிருக்கும் வேகத்துக்குள், பின்னால் வண்டி இல்லாதபோது, எண்பதிலிருந்து நாற்பதுக்கு மெதுவாக, நீளமாக பிரேக் பிடியுங்கள். மூன்று தடவை. இரவில் வேண்டாம், ஓரத்தில் விளக்கில்லாமல் லாரிகள் நிற்கும். "அவ்ளோ தூரம் எல்லாம் வேணாம் தம்பி, பெட்ரோல் இல்ல" என்று விற்கிறவர் சொன்னால் இருநூறு ரூபாய்க்கு நீங்களே போடுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இரண்டிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு சீட்டைத் துவைத்து, பாலிஷ் போட்டு, வண்டி சந்தைக்கு வந்துவிடும். டிஸ்க்கின் வெளிமுகத்துத் துரு நாலு பிரேக்கில் போய்விடும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பிடித்த துரு எந்த பிரேக்கிலும் போகாது. நின்றபடியே இருந்த வண்டியில் பேட் இருந்த இடம் மட்டும் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்தும் இருக்கும்.

இப்போது என் யோசனை. வண்டி வாங்கும் முன்போ ஆட்டம் வந்த பின்போ, மெக்கானிக்கிடம் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பார்ட்ஸ் எதுவும் மாத்த வேணாம். ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, ரன் அவுட்டும் தடிமனும் அளந்து, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அதுக்கு ஐநூறு ரூபா தர்றேன்." முதலில் சிரிப்பார். டயல் கேஜ் இல்லை என்பார். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் வாங்கி வைப்பார். அது ஒரு ஜோடி டயர் விலைகூட வராது. நாம் பேரம் பேசிப் பேசி அவர் லேபரைக் குறைத்தோம், அவர் அதைப் பார்ட்ஸ் கமிஷனில் எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் ஃபிராடு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐநூறு ரூபாய் தண்டம் என்று நினைப்பவர்கள் மேலே உள்ள 17,100ஐ இன்னொரு தடவை பார்க்கவும்.

புது டிஸ்க் மாட்டும் அன்று பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். ஹப் முகம் வெள்ளையாகத் தேய்த்துத் துடைக்கப்பட்டதா? சக்கர நட்டை ஏர் கன்னால் ஒரே மூச்சில் வரிசையாக இறுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக, டார்க் ரெஞ்சில் இறுக்கினார்களா? சின்னக் கார்களுக்கு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் போட்டிருப்பான். தாறுமாறாக இறுக்கினால் நல்ல டிஸ்க்கும் கோணலாகத்தான் உட்காரும். பஞ்சர் போடும் கடையிலும் இதே கதைதான், அங்கேயும் கண்ணை வையுங்கள். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு சடன் பிரேக்கைத் தவிர்த்து, மிதமாகவே பிடித்துப் பழக்குங்கள், பேட் சமமாக உட்காரும்.

வாங்கப் போகும் வண்டியில் ஆட்டம் இருந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதில்லை. பிரேக்கில் மட்டும் ஆடி மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால், அந்த மாடலுக்கு இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், கூலி எல்லாம் எவ்வளவு ஆகும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் விலையே பேச வேண்டாம், சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலில் வந்துவிடலாம்.